நீலத்தொட்டியில் நின்றவர்

குளுவாங் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த சாயப்பட்டறையில் நாங்கள் எல்லோருமே மகா வைத்தியர்கள். பரிசோதனை நடப்பது பின்வேலி ஓரம். ஒருவனுக்குச் சிறுநீர் சாய நிறத்தில் போனால் உள்ளே போன சாயம் வெளியேறுகிறது, ஆள் நலம். நிறம் வராவிட்டால் சாயம் உள்ளேயே தங்கிவிட்டது, இரண்டு இளநீர் குடிக்க வேண்டும். இந்த அரிய வைத்தியத்தை எங்களுக்கு அருளியவர் மேற்பார்க்கும் தண்டல். அவர் மட்டும் தொட்டிப் பக்கம் வரமாட்டார். ஆவி பட்டால் தலை வலிக்குமாம்.

சண்டை முடிந்து ரப்பர் விலை விழுந்தபோது, தோட்டத்தில் வேலை இழந்த என் தங்கை கணவரை அழைத்துவந்து நீலத்தொட்டியில் சேர்த்துவிட்டது நான்தான். நான் சிவப்புத்தொட்டி. தூளைக் கையாலேயே கரைப்போம், அதே கையால் சோறு தின்போம். "கொசுக்கடி இல்ல, அட்டைக்கடி இல்ல, ராஜ வேலை மாப்பிள்ளை!" என்று பீற்றிக்கொண்டேன்.

எட்டு வருடம் கழித்து ஒருநாள் வேலியோரத்திலிருந்து முகம் வெளிறி வந்தார்.

"மச்சான், செவப்பா போகுது. வலி ஒண்ணும் இல்ல."

"அலமாக்! இதுக்கா பயந்தீங்க? சாயம் எறங்குது. நல்லதுதான்!"

விட்டு விட்டு ஒரு வருடம் அப்படியே போனது. ஒவ்வொரு முறையும் அவர் கேட்பார், நானும் அதையே சொல்வேன், அவர் நிம்மதியாகத் தொட்டிக்குத் திரும்புவார். என் வாயில் கொள்ளியை வைக்க.

அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் சுருண்டு விழுந்த பிறகுதான் ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்கு ரயிலேற்றினேன். தமிழ் டாக்டர்.

"மூத்திரப்பையில புத்து. ரொம்ப முத்திப்போச்சு. சாய வேலை செய்றவங்களுக்கு இது வரும்னு சீமையில எப்பவோ கண்டுபிடிச்சாச்சே."

சாயத்தூள் டின்னும் சீமையிலிருந்துதான் வந்தது. இந்தச் சேதியையும் சேர்த்து அனுப்ப டின்னில் இடம் போதவில்லை போலும்.

சிவப்பாகப் போனதைச் சாயம் இறங்குவதாக நினைத்துவிட்டோம் என்று அவரிடம் சொன்னேன்.

"எந்தத் தொட்டியில நின்னாரு?"

"நீலம்," என்றேன்.

"நீலத்துல நிக்கிறவருக்குச் செவப்பா எப்படிய்யா வரும்? ஒங்கள்ல ஒருத்தருக்குமா தோணல?"

மாப்பிள்ளை கட்டிலிலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு மனம் ஆறியிருக்கும். "மச்சானுக்கு என்ன தெரியும், பாவம்," என்று டாக்டரிடம் எனக்காகப் பரிந்து பேசினார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பட்டறைக்குத் திரும்பினேன். தங்கை வீட்டு அடுப்பும் இனி நான்தான் எரிக்க வேண்டும். வேறு எவன் எனக்கு வேலை வைத்துக்கொண்டு காத்திருந்தான்? மாப்பிள்ளை நின்ற இடத்தை எனக்குத் தரும்படி தண்டலிடம் கேட்டேன்.

அவருக்குச் சிரிப்பு. "எல்லாம் ஒரே சாயந்தானே லா. ஒனக்கு என்ன திடீர்னு நீலத்து மேல ஆசை?"

"செவப்புல நின்னா எனக்கு ரத்தம் போனாலும் தெரியாது, தண்டலய்யா. நீலத்துல நின்னா தெரியும்."