அண்ணன் வீட்டுத் தண்ணீர்ப் பானைகள்

என் அண்ணன் எதையும் தூக்கி எறிந்து நான் பார்த்ததில்லை. மலையடிவாரத்துக் காரவள்ளி நிலத்தை என்னிடம் விட்டுவிட்டு, மலைமேல் குண்டூர் நாட்டில் மிளகுக்கொடி படர்ந்த ஒரு காட்டை வாங்கி மலையேறிப் போனார். அண்ணி இறந்தபின் அங்கே அவர் இருந்த புல்வீடு நிரம்பத் தொடங்கியது. கிழிந்த சாக்கு, ஓட்டை முறம், அடி போன கூடை எல்லாம் கூரை வரை ஏறின. அடுப்பிலிருந்து வாசலுக்கு ஓர் ஆள் ஒருக்களித்து நடக்க வழி இருந்தது. அதையே தாராளம் என்று நினைத்தார்.

மலையில் கூரை மாற்றும்போது பிரித்த பழைய புல்லைக் காட்டில் எருவாகப் போடுவார்கள். அண்ணன் அதைக் கட்டுக்கட்டாக வீட்டுக்குள் அடுக்கியிருந்தார்.

"எதுக்குங்கண்ணா இது?"

"பொகை குடிச்ச புல்லு தம்பி. பூச்சி அண்டாது. நீ படிச்சவன், உனக்கு இதெல்லாம் தெரியாது."

பூச்சி அண்டவில்லை என்பது உண்மை.

அது உலகச் சண்டைக் காலம். தீப்பெட்டி கிடைக்காததால் அங்கே அடுப்பை அணையவிட மாட்டார்கள். ஒரு வீட்டில் அணைந்துவிட்டால் அடுத்த வீட்டுக்கு உடைந்த பானை ஓட்டாஞ்சில்லோடு நெருப்பு வாங்கப் போவார்கள். அண்ணன் வீட்டில் எப்போதும் தணல் இருக்கும் என்று ஊரில் நல்ல பெயர். மிளகு பறிப்புக்கு மனைவி, மகளோடு நான் போன அன்றே, தீக்குப் பயந்து வாசலுக்கு உட்புறம் இரண்டு பெரிய பானைகளை வைத்துத் தண்ணீர் நிரப்பினேன்.

"பள்ளிக்கூடத்துல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?" என்றார் அண்ணன்.

சில நாளில் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. சாக்குகளுக்கு அந்தப் பக்கம் படுக்க இருந்த ஒரே இடத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். மனைவி காட்டில் இருந்தாள். நானும் அண்ணனும் வெளியே மிளகு உலர்த்திக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டம்மா நெருப்பு வாங்க உள்ளே போய், ஓட்டாஞ்சில்லை நெஞ்சோடு பிடித்தபடி ஒருக்களித்து வெளியே வந்தார்.

"ஏனுங்க, உங்க ஊட்டுக்குள்ள போய்ட்டு வாரதுக்கு நான் இன்னுங் கொஞ்சம் எளைக்கோணுமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வழியில் ஒரு தணல் விழுந்ததை அவர் கவனிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கூரையில் புகை கசிந்தது. அடுப்புப் புகை என்றார் அண்ணன். பிறகு புல் தீப்பிடித்த சத்தம் கேட்டது.

நான் உள்ளே ஓடி முதல் பானையைத் தூக்கி நெருப்பில் கவிழ்த்தேன். சரசரவென்று ஏதோ கொட்டியது. இரண்டாவது பானையிலும் அதேதான்.

"ஐயோ தம்பி, அது மொளகு!" வெளியிலிருந்து அண்ணன் கத்தினார். "பான சும்மா கெடக்குதேன்னு தண்ணிய வெளிய ஊத்திட்டு மொளகக் கொட்டி வெச்சேன்!"

புகையில் எந்தப் பக்கம் சாக்கு, எந்தப் பக்கம் வழி என்று தெரியவில்லை. மகளைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். அந்த நேரத்தை இன்னும் என்னால் சரியாக எழுத முடியவில்லை. பிறகு மிளகு கருகும் காரம் எழுந்தது. இடதுபுறம் ஒரு தும்மல் கேட்டது. மூட்டைகள் மேல் ஏறி, தும்மல் வந்த பக்கம் விழுந்து, கையில் கிடைத்த காலைப் பிடித்து இழுத்தேன். அது அவள் கால்தான்.

நாங்கள் வெளியே வந்த பிறகு கூரை சரிந்தது. ஊரார் கழிகளால் மீதியை இழுத்துப் போட்டார்கள். என் மடியில் மகள் தும்மிக்கொண்டே இருந்தாள். கரி படிந்த முகத்தோடு அண்ணன் வந்து அவள் தலையைத் தடவினார்.

"கண்ணு, பெரியப்பன் மொளகு வெக்காட்டி உன்னக் கண்டுபுடிச்சிருக்க முடியுமா?"

"தண்ணி இருந்திருந்தாத் தேடியிருக்கவே வேண்டாமுங்கண்ணா" என்றேன்.

அவர் எழுந்து போய், கருகிய மிளகைச் சாம்பலிலிருந்து பொறுக்கி அதே பானையில் போட ஆரம்பித்தார்.

அன்றே மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மனைவியோடு காரவள்ளிக்கு இறங்கிவிட்டேன். இப்போதும் வீட்டை விட்டு எங்கே கிளம்பினாலும், வாசல் பானைக்குள் முழங்கை வரை கைவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன். தண்ணீர் அழுக்காகிறது என்று மனைவி திட்டுகிறாள். மகள் மட்டும் துண்டை எடுத்து நீட்டுகிறாள்.