கடவுளுக்குச் சம்சாரம் உண்டா?

முனியாண்டி மலேசியாவில் புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற செய்தி அவருடைய தொண்டைக்கு மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை. பக்கத்து வீட்டுச் சேவல் கொஞ்சம் தாமதமாகக் கூவினால்கூட, இவ்வளவு நேரம் எங்கேடா போயிருந்தே என்று விசாரிக்கிற ஆள். எதைக் காட்டினாலும் முதலில் அவருக்குத் தெரிந்தாக வேண்டியது ஒன்றுதான்: இதில் மேனேஜர் யார், கணக்கெழுதுகிற கிராணி யார், மண்டோர் யார்? கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தாலும் இதே விசாரணைதான்.

அப்படிப்பட்டவர் சாமி விவகாரத்தில் மூக்கை நுழைத்ததற்குக் காரணம் அவர் மனைவி செல்லம். போன வருஷம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் செல்லம் கண் திறந்து உதட்டை நக்கினாள். கோப்பிக்குத்தான் ஏங்குகிறாள் என்று முனியாண்டி முடிவு கட்டி, கீழே கடைக்கு ஓடினார். பிளாஸ்டிக் பையில் கட்டிய சூடான கோப்பியோடு அவர் திரும்பி வந்தபோது, தாதி போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பையை என்ன செய்வதென்று தெரியாமல் வீடுவரை கையிலேயே கொண்டுவந்தார். அன்றிலிருந்து தினமும் காலையில் செல்லத்தின் படத்துக்கு முன்னால் ஒரு கிளாஸ் கோப்பி. மேலே போய் அவளைப் பார்க்க வேண்டும், அந்தக் கோப்பியைக் கையில் கொடுக்க வேண்டும், பழையபடி அவளுக்குப் புருஷனாக இருக்க வேண்டும். மனுஷனுக்கு வேறு ஆசையே கிடையாது.

இதற்கு வழி எங்கே என்று கேட்டபோது, மந்தின் ஊரில் இருந்த மகள் லோகேஸ்வரி கையைப் பிடித்துத் தன் சபைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கல்யாணத்துக்கு அப்புறம் அவள் புருஷன் வீட்டோடு ஏசுவை ஏற்றுக்கொண்டவள். பாஸ்டர் தர்மராஜ் நல்ல மனிதர், ஆனால் ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் வைத்திருப்பார். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்றார். முனியாண்டிக்கு உடனே வேலை வந்துவிட்டது.

"மூணு பேரா, ஒரு ஆளா பாஸ்டர்?"

"மூணு பேர், ஆனா ஒரே கடவுள். அது தேவ ரகசியம் ஐயா. மனுஷ புத்திக்கு எட்டாது."

"அப்ப வேலைய யாருகிட்ட கேட்டு வாங்குறது?"

பாஸ்டர் பொறுமையாக, கடவுளுக்கு உடம்பு கிடையாது, அவர் ஆவி, ஆதியிலிருந்தே கடவுள், யாரும் அவரை உண்டாக்கவில்லை, அவர் வேறொன்றாக இருந்து கடவுளாகவும் இல்லை என்று விளக்கினார். முனியாண்டி தலையாட்டினார். வெள்ளைக்காரன் காலத்து மேனேஜர் மாதிரி என்று வைத்துக்கொண்டார். அவரும் பிறக்கும்போதே மேனேஜராகத்தான் கப்பலில் வந்து இறங்கினார். பிறகு மெதுவாகத் தன் விஷயத்துக்கு வந்தார். மேலே போனால் செல்லம் கிடைப்பாளா?

"கண்டிப்பா பாக்கலாம் ஐயா. ஆனா பரலோகத்துல கொள்வினை கொடுப்பினை கிடையாது. கல்யாணம் சாவோட முடிஞ்சிருது. அங்க எல்லாரும் தேவதூதர் மாதிரி."

"நான் அவளுக்கு யாரு அப்ப?"

"சகோதரன்," என்றார் பாஸ்டர் அன்பாக.

முனியாண்டிக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. பிள்ளை பெற்று வளர்த்து ஆளாக்கிய பிறகு கட்டினவளுக்கு அண்ணனாவதா? சீ, நினைக்கவே கூசுகிறது.

இந்தக் கோபம் ஆறுவதற்குள், போர்டிக்சன் சாலையில் அவருடைய மோட்டார் சைக்கிள் வழுக்கிக் கால்வாயில் இறங்கியது. வெள்ளைச் சட்டையும் டையும் போட்ட இரண்டு பேர் ஓடிவந்து, சேறு பூசிக்கொண்டு அதைத் தூக்கி மேலே விட்டார்கள். ஒருவன் சுங்கை சிப்புட் ஊர்க்காரன் திருச்செல்வம். இன்னொருவன் பனைமரம் உயரத்துக்கு ஒரு அமெரிக்கப் பையன். அவனுக்குத் தமிழில் வணக்கம் மட்டும் தெரியும், அதைப் போகும்போதும் சொல்வான். இரண்டு பேர் சட்டையிலும் 'எல்டர்' என்று பெயர்ச்சீட்டு. மூத்தவர் என்று அர்த்தமாம். மீசை முளைக்காத மூத்தவர்களை முனியாண்டி அன்றுதான் பார்த்தார். மோர்மன் சபைக்காரர்கள் என்று சொன்னார்கள். நன்றிக்கு வீட்டுக்கு அழைத்துக் கோப்பி கலக்கப் போனால், வேண்டாம் என்றார்கள். தேத்தண்ணியும் வேண்டாம். அது அவர்கள் சபைக் கட்டளை. கடைசியில் சாக்லேட் மணக்கிற மைலோதான் குடித்தார்கள். சின்னப் பிள்ளைங்க குடிக்கிறதை என்று முனியாண்டி மனதுக்குள் சிரித்துக்கொண்டார்.

ஆனால் அவர்கள் பேசியது அவர் காதில் தேனாகப் பாய்ந்தது. பிதா வேறு, ஏசு வேறு, பரிசுத்த ஆவி வேறு. மூன்று பேரும் தனித்தனி ஆள், நோக்கம்தான் ஒன்று. பிதாவுக்கு நம்மைப் போலவே சதையும் எலும்புமாக உடம்பு உண்டு, சாகாத உடம்பு. மனுஷன் அவருடைய சொந்தப் பிள்ளை, அதனால் படிப்படியாக வளர்ந்து ஒருநாள் அவரைப் போலவே ஆகலாம்.

"மண்டோர் மேனேஜர் ஆகலாம்னு சொல்ற?" என்று கேட்டார் முனியாண்டி. அவருடைய தோட்டத்தில் அந்த அதிசயம் நடந்ததே இல்லை.

"ஒரு மாதிரி அப்படித்தான் அங்கிள். ஆனா அவர் எப்பவும் நமக்கு அப்பாதான்."

"சரி தம்பி. உங்க கடவுளுக்குச் சம்சாரம் உண்டா?"

திருச்செல்வம் காதுவரை சிவந்தான். "பரலோகத் தாய் ஒருத்தங்க இருக்காங்கன்னு நம்பறோம் அங்கிள். அதிகமா ஒண்ணும் சொல்லப்படல. நாங்க பிதாகிட்ட மட்டும்தான் ஜெபம் பண்ணுவோம்."

"வீட்ல ஆள் இருக்குன்னு தெரியும், ஆனா பேச மாட்டீங்க."

திருச்செல்வம் மைலோவைப் பார்த்தான். முனியாண்டி அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் வீட்டுக்கு வந்த ஆம்பிளைகளும் செல்லத்திடம் அப்படித்தான் இருந்தார்கள். முக்கியமான சேதி வேறு இருந்தது: இந்தச் சபையின் ஆலயத்தில் சேர்த்துவைத்தால், புருஷன் பெண்டாட்டி உறவு சாவுக்கு அப்புறமும் முடியாது. செத்தவர்களுக்கும் வழி உண்டு. அவர்கள் பெயரில் இன்னொருவர் ஞானஸ்நான முழுக்கு எடுத்துக்கொள்வார். முதலில் முனியாண்டி முழுக்கு எடுக்க வேண்டும், அப்புறம் பேங்காக் ஆலயத்துக்குப் போகலாம். முனியாண்டி அன்றைக்கே கோப்பியை விட்டார். தலைவலி மண்டையைப் பிளந்தது. படத்துக்கு முன்னால் வைக்கிற கோப்பியை மட்டும் விடவில்லை. ஆறினதும் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாழை மரத்தடியில் கொட்டினார். வாழை நன்றாகத் தழைத்தது.

விஷயம் மந்தினுக்கு எட்டியதும் லோகேஸ்வரி பாஸ்டரை அழைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். திருச்செல்வமும் உயரமானவனும் அப்போது வீட்டில்தான் இருந்தார்கள். பாஸ்டர் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"தேவன் ஆவியா இருக்கிறார்னு வேதம் சொல்லுது. நீங்க அவருக்குக் கை கால் வைக்கிறீங்க."

"மோசேகிட்ட முகமுகமா பேசினார்னும் வேதம்தான் சொல்லுது பாஸ்டர்," என்றான் திருச்செல்வம்.

"அது உவமானம் தம்பி. மனுஷன் கடவுள் மாதிரி ஆகலாம்னு சொல்றீங்களே, அது ஏவாள்கிட்ட பாம்பு சொன்ன வார்த்தை. கிறிஸ்தவன் வாயில வரலாமா?"

"பிள்ளை அப்பா மாதிரி வளர்றதுல என்ன தப்பு?"

முனியாண்டிக்கு இந்த இடத்தில் ஏன் சண்டை என்றே புரியவில்லை. தோட்டத்து எல்லையில் கத்தியோடு நிற்கிற சாமியெல்லாம் ஒரு காலத்தில் மனுஷனாக இருந்தவர்தானே. "என் பேரே சாமி பேருதான்லா," என்று நடுவில் புகுந்தார். அந்த நிமிஷம் பாஸ்டரும் திருச்செல்வமும் முதல் தடவையாக ஒன்றுசேர்ந்து அவரை முறைத்தார்கள். உயரமானவன் வணக்கம் என்றான்.

முனியாண்டிக்குப் பொறுமை போய்விட்டது. மண்டோர் குரலை எடுத்தார். "உடம்பு இருந்தா இருக்கட்டும், இல்லாட்டி போகட்டும். செல்லம் எனக்கு உண்டா இல்லையா? தம்பி, பேங்காக்ல பண்ணிட்டா முடிஞ்சிருச்சுதானே?"

"இங்க பண்ண வேண்டியத பண்ணலாம் அங்கிள். ஆனா அங்க ஆன்ட்டி சம்மதிக்கணும். வேணாம்னு சொல்ற உரிமை அவங்களுக்கு இருக்கு. யாரையும் கட்டாயப்படுத்த முடியாது."

முனியாண்டி படத்தைத் திரும்பிப் பார்த்தார். செல்லத்தைக் கேட்பார்களா? அவளை யார் எப்போது எதைக் கேட்டிருக்கிறார்கள்? கல்யாணத்தை அவள் அப்பன் பேசி முடித்தான். தோட்டம் மாறும்போதெல்லாம் லோரி வந்து நின்ற பிறகுதான் சட்டி பானை கட்டச் சொன்னார். அவளும் சரி என்று கட்டினாள். அந்தச் சரிக்குள் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. நரகத்துக்குக்கூட அவர் இவ்வளவு பயந்ததில்லை.

"வருவாதானே?" என்று மகளைப் பார்த்துக் கேட்டார். குரல் அடங்கியிருந்தது. "அவளுக்குன்னு கோப்பி கலக்கி வச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்."

லோகேஸ்வரி படத்துக்கு முன்னால் இருந்த கிளாஸைப் பார்த்தாள்.

"அம்மாவுக்குக் கோப்பி பிடிக்காதுப்பா. வயித்துல எரியும்னு சொல்வாங்க. நீங்க குடிக்கிறீங்கன்னு கூடக் குடிச்சாங்க. நீங்க வேலைக்குப் போனதும் மைலோதான் கலக்கிக் குடிப்பாங்க."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீங்க கேட்டீங்களா?"

பாஸ்டர் வேதப் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டார். திருச்செல்வம் தன் கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தான். வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள்.

மறுநாள் காலை முனியாண்டி டப்பாவில் எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்து மைலோ கலக்கினார். கட்டி கட்டியாக வந்தது. கொட்டிவிட்டு மறுபடி கலக்கினார். படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"சக்கர போதுமா?" என்று கேட்டார். பிறகு கிளாஸைப் படத்துக்கு இன்னும் கொஞ்சம் அருகில் நகர்த்தி, "என்கூட வரியா செல்லம்?" என்றார்.

கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்து உட்கார்ந்திருந்தார். வெளியே சேவல் கூவியது. அதை அதட்டக்கூட அவர் எழுந்திருக்கவில்லை.