கோணல் லேத்தும் லாசர் கையும்

லாசருக்கு ஒரு மாதமாகச் சோறு இறங்கவில்லை. பழைய லேத்தை வாங்குவதா, புது லேத்தை வாங்குவதா? இதுதான் கவலை. பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறவன்கூட இந்தப் பாடு பட்டிருக்க மாட்டான். மாப்பிள்ளை சரியில்லை என்றால் பங்குச் சாமியாரிடம் போய் அழலாம், நாலு பேரைக் கூட்டி வைத்துப் பேசலாம். லேத்து சரியில்லை என்றால் எந்தச் சாமியார் என்ன செய்வார்? வாங்கியவன்தான் அதை வைத்துக்கொண்டு மாரடிக்க வேண்டும்.

இது முப்பத்து நாலாம் வருஷத்துச் சங்கதி. சாந்தோம் கோயில் மணி காதில் விழுகிற தூரத்தில் வால்டர் துரையின் பட்டறை இருந்தது. துரை என்று பேரே தவிர, மனிதர் சீமையைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார். பிறந்தது, வளர்ந்தது எல்லாம் பரங்கிமலை. அவரிடம் லாசர் பதினெட்டு வருஷம் லேத்து ஓட்டினான். சுழலும் இரும்பை உளியால் சீவிச் சீவி, கேட்ட அளவுக்கு உருட்டிக் கொடுக்கிற வேலை. கிணற்றுப் பம்ப்புக்குத் தண்டு, மோட்டார் பஸ்ஸுக்கு ஆணி என்று எது கேட்டாலும் செய்வான். பல்சக்கரச் சத்தத்தில் அவனுடைய இடது காது எப்போதோ செத்துப்போயிற்று.

சும்மா சொல்லக் கூடாது, கை என்றால் அதுதான் கை. லாசர் கடைந்ததை யாரும் அளந்து பார்ப்பதில்லை. மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் பஸ் விட்டுக்கொண்டிருந்த மெஹபூப் அலி, சாமானை வாங்கியதும் அப்படியே ஜேபியில் போட்டுக்கொள்வார். "லாசர் கடைஞ்சத அளக்கறதா? அம்மா போட்ட சோத்த எவனாவது எடை போடுவானா?" என்பார். வீடு வாசல், நிலம் நீச்சு ஒன்றும் இல்லாத லாசருக்கு அந்தப் பேச்சுதான் சொத்து.

வால்டருக்கு வயதாயிற்று. பெங்களூரிலிருந்து மகள் நோரா வந்துவிடு வந்துவிடு என்று நச்சரித்தாள். அவரும் பட்டறையை மூடுவதென்று முடிவு செய்து, லாசரைக் கூப்பிட்டார்.

"லேத்த நீயே எடுத்துக்கோ மேன். அது ஒங்கையிலதான் சோக்கா ஓடும்."

விலையும் குறைச்சல்தான், கையிலிருந்த சீட்டுப் பணத்துக்குள் அடங்கிவிடும். கொட்டகை ஒன்றைக் கோயிலில் வாடகைக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். பஸ் வேலை முழுவதும் உனக்குத்தான் என்று மெஹபூப் அலி வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் லாசரின் மனைவி அந்தோணியம்மாள் ஒரு கேள்வி கேட்டு வைத்தாள். "அந்த மிஷினு ஒன்னவிட மூத்தது. நடுவுல படுத்துக்கினா நாம எங்க போறது? மவுண்ட் ரோட்ல புச்சு கீதாமே, தவணைக்குக் குடுக்கறாங்களாமே. பாத்துட்டுத்தான் வாயேன்." அன்று பிடித்தது லாசருக்குப் பேஜார்.

பழைய லேத்துக்கு ஒரு நோவு உண்டு. இரும்பைக் கவ்விப் பிடிக்கிற இடத்தை வாய் என்பார்கள். உளி அந்த வாய்ப்பக்கம் நெருங்கும்போது, அடித்தளம் தேய்ந்திருந்ததால் ஒரு மயிரிழை பின்வாங்கும். விட்டுவிட்டால் துண்டு அந்த முனையில் பருத்துப்போகும். அந்த இடம் வரும்போது லாசரின் வலது கை, கைப்பிடியை ஒரு துளி உள்ளே திருப்பிக் கொடுக்கும். சேர்ந்த புதிதில் தானாகக் கண்டுபிடித்த வித்தை அது. துரையிடம் சொல்ல வேண்டுமென்றுகூடத் தோன்றவில்லை. அப்புறம் அவனுக்கே மறந்துபோயிற்று. கீல் இறங்கின கதவைத் தூக்கித் தாழ்ப்பாள் போடுகிறவள், தினமும் யோசித்தா தூக்குகிறாள்?

வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு மவுண்ட் ரோட்டுக்குப் போனான். கம்பெனியில் லேத்து விற்கிறவர் ஸ்ரீரங்கன் என்று மயிலாப்பூர் ஐயங்கார். நெற்றியில் நாமம், கழுத்தில் டை. தங்கமான மனுஷர்.

"வாங்கோ மேஸ்திரி. ஜெர்மனிலேர்ந்து வந்து எட்டு நாள்கூட ஆகலை. சும்மா பாத்துண்டு நிக்காதேங்கோ, ஓட்டிப் பாருங்கோ."

பார்த்தான். பச்சைச் சாயம் பளபளத்தது. ஓடுகிற சத்தமே இல்லை. லாசருக்கு அந்த அமைதியே பிடிக்கவில்லை, கேட்கிற காதும் போய்விட்டதோ என்று ஒரு கணம் பயந்துபோனான். ஒரு முழம் நீளத்துக்கு இரும்பை மாட்டி, நிதானமாகக் கடைந்து, இறக்கி ஸ்ரீரங்கனிடம் கொடுத்தான். அவர் அளவு கருவியை வைத்தார். நடுவில் சரி. கடைசியில் சரி. வாய்ப்பக்கம் வந்ததும் அவர் புருவம் ஏறிற்று. அங்கே துண்டு மெலிந்திருந்தது.

லாசர் துண்டை வாங்கி அந்த முனையைத் தடவிப் பார்த்தான். பருத்திருந்தாலாவது இன்னொரு சீவு சீவிச் சரிபண்ணலாம். சீவிப்போட்ட இரும்பைத் திரும்ப ஒட்ட முடியுமா? ஏன் இப்படி ஆயிற்று என்று அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. கை பழைய இடத்தில் பழைய வேலையைச் செய்துவிட்டது.

"இன்னொண்ணு போட்றேன் சாமி" என்றான். இந்தத் தடவை திருப்பக் கூடாது, திருப்பக் கூடாது என்று சொல்லிக்கொண்டே கடைந்தான். உளி வாயை நெருங்கியது. கை திருப்பிவிட்டது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது பொய்யா?

"கையை எடுத்துடுங்கோ மேஸ்திரி. அதுவே போயிண்டிருக்கும்" என்றார் ஸ்ரீரங்கன் சாதாரணமாக.

மூன்றாவது துண்டுக்கு லாசர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். உளி தானாகப் போயிற்று, தானாக நின்றது. ஸ்ரீரங்கன் அளந்தார். நூல் பிடித்தாற்போல் இருந்தது. அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

"பாத்தேளா? சிலபேர் ஆடத் தெரியாம கூடம் கோணல்ம்பா. மிஷின் சரியில்லைன்னுட்டுப் போயிடுவா. நீங்க அப்படி ஒரு வார்த்தை சொல்லலையே" என்று பாராட்டினார். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் லாசருக்குச் சுருக்கென்று தைத்தது. அவன் கதை அதைவிட மோசமல்லவா? கோணல் கூடத்திலேயே ஆடிப் பழகியவன் அவன். கூடம் நேரானதும் ஆட்டம் தப்புகிறது. அவன் கை படாத துண்டுதான் சரியாக வந்தது. அப்படியானால் அந்தக் கை எதற்கு? அதற்குரியவன்தான் எதற்கு?

டிராமில்கூட ஏறாமல் நடந்தே வீட்டுக்கு வந்தான். அந்தோணியம்மாள் கானாங்கெளுத்தி வறுத்து வைத்து, வழக்கம்போல் அவனுடைய வலது பக்கம், கேட்கிற காதுப் பக்கம், உட்கார்ந்தாள்.

"இன்னா, மிஷினு புடிக்கலியா?"

"மிஷினுக்குத்தான் என்னப் புடிக்கல" என்று நடந்ததை எல்லாம் கொட்டினான். "கைய எட்த்தா சரியா வருது அந்தோணி. பதினெட்டு வருசமா நான் இன்னா கத்துக்கினேன்? ஒரு நொண்டி மிஷினுக்குக் கோல் புடிச்சிக்கினு இருந்திருக்கேன். ஊரு அத்த பெரிய வித்தைன்னு சொல்லிக்கினு கீது."

அவள் மீனை அவன் பக்கம் நகர்த்தினாள். "ஒனக்கு ஒரு காது கேக்காதேன்னு நான் இந்தப் பக்கமே குந்திக் குந்தி, இப்ப ரெண்டு காதும் நல்லா கீற எங்கண்ணங்கிட்டகூட வலது பக்கந்தான் போய் நிக்கிறேன். அண்ணி சிரிக்கிறா. அதுக்காவ எனக்குப் பேசத் தெரியாதுன்னு ஆயிடுமா?"

லாசருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பயம் போகவில்லை. "பழசையே எட்த்துக்கறேன். அது எங்கைக்கு அடங்கும்" என்றான்.

"எது வேணா எடு. பயந்துகினு எடுக்காத" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே வால்டரிடம் போனான். முன்பணம் மடியில் இருந்தது. பட்டறை மூடி மூன்று வாரம் ஆகியிருந்தது. வால்டர் வாசலிலேயே நின்று, பண்டிகைக்குப் பலகாரம் மறைத்து வைத்திருக்கிறவர் மாதிரி சிரித்தார்.

"வா மேன், வா. ஒனக்கு ஒண்ணு செஞ்சி வெச்சிகீறேன்."

"இன்னா தொரை?"

"நம்ம வில்லியம் இல்ல, ரயில் பட்டறையில பென்சன் வாங்கினவன், அவன் வந்து லேத்தப் பாத்தான். வாய்ப்பக்கம் தேஞ்சி கீதுன்னான். நான் நம்பல. கோணல் மிஷின்ல லாசர் எப்டி மேன் நேரா கடைவான்னு சண்டை போட்டேன். அவன் அளந்து காட்டிட்டான். ஒனக்குக் குடுக்கற சாமான கோணலாவா குடுக்கறது? ரெண்டு வாரம் குந்தி சொரண்டிச் சொரண்டி நேராக்கிட்டான். இப்ப புச்சு மாரி."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். அந்தக் கிழவரின் முகத்திலிருந்த பெருமையைப் பார்த்தபோது லாசருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஒளிந்துகொள்ள அந்தக் கோணல் ஒன்றுதான் அவனுக்கு இடமாக இருந்தது. அன்பினாலேயே அதையும் அடைத்துவிட்டார்.

"ஓட்டிப் பாரு மேன்."

ஓட்டினான். அதே பெல்ட்டுச் சத்தம், அதே எண்ணெய் வாசனை. பதினெட்டு வருஷமாக அவன் உள்ளங்கை தேய்த்து வழவழப்பாக்கின அதே கைப்பிடி. கையைக் கட்டிக்கொள்ள வேண்டுமென்று நினைத்தான். ஆனால் அந்தக் கைப்பிடி அங்கே இருக்கும்போது கை எப்படிச் சும்மா இருக்கும்? வாய்ப்பக்கம் வந்ததும் திருப்பிவிட்டது. திருப்பியது அவனுக்கே தெரிந்தது.

வால்டர் துண்டை வாங்கினார். வில்லியம் விட்டுப்போன அளவு கருவி மேஜைமேல் கிடந்தது. லேத்தின் நேர்த்தியைக் காட்டத்தான் அதை எடுத்தார், பாவம். ஆனாலும் லாசர் கடைந்ததை அவர் அளப்பது அதுதான் முதல் தடவை. அளந்தார். வாய்ப்பக்கம் மெலிந்திருந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி அளந்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"இத்தினி வருசமா மிஷின் நல்லா கீதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன் மேன்" என்றார் மெதுவாக. "நல்லா இருந்தது நீயா?"

யாருமே லாசரிடம் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் புகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டு கை திருந்திவிடுமா? நாளைக்கு மெஹபூப் அலி அளக்காமல் ஜேபியில் போட்டுக்கொண்டு போகப்போகிற ஆணி, பஸ்ஸின் முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அடையாறு பாலத்தின்மேல் ஓடப்போகிறது. அதில் இருபது பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

கைப்பிடியிலிருந்து கையை எடுத்தான். பிறகு சொன்னான்.

"இது எனக்கு வேணாம் தொரை. நல்ல மிஷினு, வேற யாருக்காவது குடுங்க. வேற வூட்டுக்குக் குடி போனா, கதவு எப்டி கீதுன்னு பாத்து தொறப்போம். அதே வூட்ல கதவ மட்டும் மாத்திட்டா தெனமும் மோதிக்கினுதான் கெடப்போம். இது முன்னால நின்னா எங்கை பழைய வூட்டுக்கு வந்துட்டதா நெனச்சிக்குது."

வால்டர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தான். அவர் துண்டைக் கையில் உருட்டிக்கொண்டே, "போ மேன். புச்ச எடு" என்றார். அந்த மெலிந்த துண்டை அவனிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. பெங்களூருக்கு எடுத்துப் போனார் என்று பிற்பாடு தெரிந்தது.

புது லேத்து மாட்டு வண்டியில், வைக்கோல் திணித்த பெட்டிக்குள் வந்தது. பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்தார். அன்று முதல் லாசர் பழைய இரும்பாக வாங்கிப் போட்டுக் கடைந்து கடைந்து வீணாக்கினான். தவணைக்கு ஒப்புக்கொண்டு, வருமானத்துக்கு ஒரு வேலையும் எடுக்காமல் இப்படிச் சீவித் தள்ளுகிறானே, மூளை பிசகிவிட்டதா என்று தெருவில் பேசினார்கள். அந்தோணியம்மாள் நெத்திலிச் சட்டியோடு கொட்டகைக்கே வந்துவிட்டாள். அவனுக்கு வலது பக்கம் மணையைப் போட்டு உட்கார்ந்து மீன் ஆய்வாள். உளி வாய்ப்பக்கம் நெருங்கும்போது தலையைத் தூக்காமலே "கை" என்பாள். லாசர் கையை எடுத்துவிடுவான். சில நாள் அவள் சொல்வதற்கு முன்பே எடுத்தான். சில நாள் அவள் சொன்ன பிறகும் கை போயிற்று. அன்றைக்கெல்லாம் இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

கடைசியில் மெஹபூப் அலியின் முதல் ஆணியைக் கடைந்து முடித்தான். லேத்தின் வாயிலிருந்து கழற்றுமுன், கை தப்பக்கூடிய அந்த முனையில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டான். தானே அளந்து பார்த்துவிட்டான், சரியாகத்தான் இருந்தது. ஆனால் தன் கண்ணையும் அவன் நம்புகிற நிலையில் இல்லை.

மெஹபூப் அலி வந்தார். ஆணியை வாங்கினார், ஜேபியைத் திறந்தார்.

லாசர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "அளந்து பாருங்க பாய்."

"இன்னா லாசர், என்னிக்கு இல்லாம?"

"அளக்காம எட்த்துக்கினு போவாதீங்க."

தன்னடக்கம் காட்டுகிறான் என்று நினைத்து அவர் சிரித்தார். லாசர் சிரிக்கவில்லை. வாசலை மறித்துக்கொண்டு நின்றான். அந்தோணியம்மாள் மீனைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். வேறு வழியில்லாமல் மெஹபூப் அலி அளவு கருவியைக் கையில் எடுத்து, நடுவில் வைத்து, தள்ளி வைத்து, மறுபடி வைத்துப் பார்த்தார்.

"சரியா கீதுப்பா. இதுக்கா இந்த ரகளை?"

லாசர் வாசலை விட்டு நகரவில்லை. வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தான்.

"கோடு போட்ட பக்கம் பாத்தீங்களா பாய்?" என்றான்.