சாட்சிக் கூண்டில் என் அண்ணன்

என் சிநேகிதிக்கு ஆயுள் தண்டனை வாங்கிக் கொடுத்ததில் என் கூடப்பிறந்த அண்ணனுக்கும் பங்கு உண்டு. இதை இப்படி நேராகச் சொல்ல எனக்குப் பல வருஷங்கள் ஆயின.

நானும் அவளும் ராஜபாளையத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். படிப்பு முடிந்ததும் நான் வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அவள் மம்சாபுரத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். நாங்கள் சபைக்குப் போகிறவர்கள், அவர்கள் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவர்கள். அதனால் எதுவும் குறைந்துவிடவில்லை. கிறிஸ்துமஸுக்கு அவள் எங்கள் வீட்டில் இருப்பாள், பங்குனிப் பொங்கலுக்கு நான் அவள் வீட்டில் இருப்பேன். அவளுக்குக் கூடப்பிறந்த ஆண் கிடையாது. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மாலை போட்டு அழைத்துவந்தது என் அண்ணன்தான். அவள் புருஷன் கடைசிவரை அவனை மச்சான் என்றே கூப்பிட்டார்.

அண்ணன் லோடு ஆட்டோ ஓட்டினான். மம்சாபுரம் பக்கத்துத் தோப்புகளிலிருந்து தேங்காயும் மாங்காயும் ஏற்றிக்கொண்டு ராஜபாளையத்துக் கமிஷன் கடைகளில் இறக்குவான். அவன் ஏற்றிய சரக்கில் பெரும்பகுதி அவள் புருஷனுடைய தமையன் பார்த்துவந்த தோப்புச் சரக்கு. அந்தத் தோப்பு தமையன் தம்பி இருவருக்கும் பொது. பாகம் பிரித்துக் கொடு என்று தம்பி கேட்பதும், இன்றைக்கு நாளைக்கு என்று தமையன் தள்ளிப்போடுவதுமாக வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் முற்பகலில், தமையனோடு பெரிய சண்டை நடந்த பிறகு, அவள் புருஷன் தோப்புப் பம்புசெட் ரூமில் பூச்சி மருந்தைக் குடித்துவிட்டார். அவள் அப்போது பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் வேலையில் இருந்தாள். அவளுடைய மகள் பள்ளிக்கூடத்தில். சரக்கேற்றப் போயிருந்த என் அண்ணன்தான் அவரைத் தூக்கி ஆட்டோவின் முன் சீட்டில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வண்டியில் வேறு யாரும் இல்லை.

அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தபோது சட்டையெல்லாம் மருந்து வாடை. அம்மா, மதினி, நான் மூன்று பேரும் அடுக்களையில் இருந்தோம்.

"அவரேதான் குடிச்சிருக்காரு," என்றான். "என் தோள்ல சாஞ்சுக்கிட்டே வந்தாரு. 'நானே குடிச்சிட்டேன் மச்சான், அவமேல எனக்கு ஒரு கோவமும் இல்லன்னு சொல்லிரு'ன்னாரு. பொறவு பேச்சு இல்ல. என் சட்டையப் பிடிச்ச கைய மட்டும் விடவே இல்ல."

சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதான். அம்மா தண்ணீர் கொடுத்தாள். அண்ணன் அப்படி அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் அவர் இறந்துபோனார். துட்டி வீட்டில் அவளிடம் போய் அதைச் சொல்ல அண்ணனுக்கு வாய் வரவில்லை. நானே அவள் காதோடு சொன்னேன். "என்மேல கோவம் இல்லன்னாராட்டி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

காரியம் முடிந்த கையோடு தமையன் வீட்டார் போலீசுக்குப் போனார்கள். சம்பவத்தன்று காலையில் அவள் புருஷனுக்குக் கொடுத்துவிட்ட மோரில் மருந்தைக் கலந்துவிட்டாள் என்று புகார். அவள் ஜெயிலுக்குப் போய்விட்டால் தோப்பில் பங்கு கேட்க ஆள் இருக்காது. ஊரில் எல்லோருக்கும் அது புரிந்தது, யாரும் வாயைத் திறக்கவில்லை. அவளைக் கைது செய்தார்கள். மகளைத் தமையன் வீட்டில் வைத்துக்கொண்டார்கள்.

எனக்குப் பயமே இல்லை. கடைசி வார்த்தையைக் கேட்டவன் என் அண்ணன். அவன் சொன்னால் முடிந்தது. "போலீஸ்ல சொல்லிட்டியாண்ணே?" என்று கேட்டேன். "எல்லாம் சொல்லியிருக்கேன், நீ சும்மா இரு," என்றான். நம்பினேன். அவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

அவளுக்கு ஜாமீன் கிடைத்தது. வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் இழுத்துக்கொண்டே போனது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் நானும் அவளும் ஒரே பஸ்ஸில் போய்வந்தோம். அண்ணன் சாட்சி சொல்ல வேண்டிய நாளில் அவள் குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, ஏதோ விசேஷத்துக்குப் போகிறவளைப் போல வந்தாள். "அண்ணன் இன்னைக்குச் சொல்லிருவாருல்ல?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

அண்ணன் கூண்டில் ஏறினான். கடவுள் அறியச் சொல்வதெல்லாம் உண்மை என்றான். ஞாயிற்றுக்கிழமைதோறும் சபையில் ஞானப்பாட்டைத் தொடங்கிவைக்கிற அதே குரல். எங்கள் வக்கீல் எழுந்து, "ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவர் உங்களிடம் ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டார்.

"இல்லைங்கய்யா. அவருக்கு நினைவே இல்லை."

வக்கீல் கேள்வியை மாற்றிக் கேட்டுப் பார்த்தார். தானே குடித்ததாகச் சொல்லவில்லையா என்றார். "ஒண்ணுமே பேசலைங்கய்யா," என்றான் அண்ணன். பக்கத்து பெஞ்சில் தமையன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் குற்றவாளிக் கூண்டிலிருந்து அண்ணனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். இவன் சொன்னதாக நீ சொன்னது பொய்யா என்று கேட்பதுபோல அந்தப் பார்வை இருந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் அவனைப் பிடித்தேன்.

"ஏன்ணே இப்படிச் செஞ்சே?"

"வீட்டுக்குப் போ. பொறவு பேசிக்கிடலாம்."

"அவளை உள்ள தள்ளிருவாங்கண்ணே."

"அதெல்லாம் வக்கீல் பாத்துக்கிடுவாரு," என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினான். தமையனுடைய ஆள் ஒருவன் முன் சீட்டில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான்.

நானே சாட்சி சொல்கிறேன் என்று வக்கீலிடம் போனேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "செத்தவர் சொன்னதை நீங்க நேரா கேக்கலியேம்மா. உங்க அண்ணன் சொல்லித்தான கேட்டீங்க? அவரே இல்லேங்கிறாரு. நீங்க சொல்றதைக் கோர்ட் எடுத்துக்கிடாது."

வீட்டில் அம்மாவிடம் சண்டை போட்டேன். "நீயும்தானே கேட்டே? சொல்லு, கேட்டியா இல்லையா?"

"கேட்டேன்ட்டி. யாரு இல்லேன்னா?" என்றாள் அம்மா. "அவிய தோப்பு லோடு நின்னுபோனா இவன் பிள்ளைகளுக்கு யாரு சோறு போடுவா? அவளுக்கு ஆண்டவர் இருக்காரு."

தீர்ப்பு வந்த அன்று அவள் அழவில்லை. போலீஸ்காரப் பெண்மணி கையைப் பிடித்தபோது என்னைக் கூப்பிட்டு, "எம்பிள்ளைகிட்ட நீயே போய்ச் சொல்லு. வேற ஆளு வாயால அவ கேக்க வேண்டாம்," என்றாள். மம்சாபுரத்துக்குப் போனேன். தமையன் வீட்டில் என்னை வாசல் தாண்ட விடவில்லை.

அந்த மாதமே தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு செட்டியார்பட்டியில் ஒரு லைன் வீட்டுக்கு வந்துவிட்டேன். அண்ணன் தடுக்கவில்லை. மதினிதான் தெருமுனை வரை வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

மதுரை பெண்கள் ஜெயிலில் மனுப் போட்டு அவளைப் பார்ப்பது என் வழக்கமாயிற்று. கம்பிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். சுற்றிலும் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திப் பேசுவார்கள். ஆரம்பத்தில் மகளைப் பற்றி மட்டும் கேட்டாள். ஒருமுறை திடீரென்று, "அண்ணனைக் கூட்டிட்டு வா," என்றாள்.

"எதுக்கு?"

"கோர்ட்டுல சொல்ல வேண்டாம். எங்கிட்ட மட்டும் சொல்லட்டும். எம்புருசன் கடைசியா என்ன சொன்னாருன்னு அவரு வாயால ஒருதரம் கேக்கணும். சில நாளு எனக்கே சந்தேகமா இருக்குட்டி. நீ என்னைத் தேத்துறதுக்காகச் சொன்னியோன்னு."

அண்ணனிடம் ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன். அவன் வரவில்லை.

இலவச சட்ட உதவியில் ஒரு பெண் வக்கீல் கிடைத்தார். சின்ன வயசுதான், கேள்வி கேட்டுத் துளைத்துவிடுவார். அப்பீலுக்காக அவரோடு எத்தனை முறை மதுரைக்கு அலைந்தேன் என்று கணக்கு இல்லை. சபையில் அவளுக்காக ஜெபிக்கச் சொன்னபோது, "குடும்ப விஷயத்தைச் சபைக்குக் கொண்டுவராதம்மா," என்றார்கள். அண்ணன் அப்போது கமிட்டியில் இருந்தான்.

ஹைகோர்ட்டில் விடுதலை கிடைத்தது. மோர் கொடுத்துவிட்ட பாத்திரத்தை யாரும் சரியாகச் சோதித்துப் பார்க்கவே இல்லை, தமையன் வீட்டுச் சாட்சிகள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், அதனால் சந்தேகத்தின் பலனை அவளுக்குக் கொடுக்கிறோம் என்றது தீர்ப்பு. ஜெயில் வாசலில் அவளைக் கட்டிக்கொண்டபோது எலும்புதான் கைக்குத் தட்டுப்பட்டது. பஸ்ஸில் திருமங்கலம் தாண்டியதும் கேட்டாள்: "சந்தேகம்னா, இன்னும் சந்தேகம் இருக்குன்னுதான அர்த்தம்?" வக்கீல் எனக்கு விளக்கியதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மகள் அதற்குள் காலேஜ் போகிற பெண்ணாகிவிட்டாள். பெரியப்பா வீட்டில் வளர்ந்தவள். என்னோடு தங்கியிருந்த அம்மாவைப் பார்க்க என் வீட்டுக்கு வந்தாள், ஆனால் அம்மா போட்டுக்கொடுத்த டீயைத் தொடவில்லை. டம்ளரில் ஆடை படிந்தது. மூன்று பேரும் அதைப் பார்க்காததுபோல உட்கார்ந்திருந்தோம்.

மகள் போன பிறகு நான் அண்ணன் வீட்டுப் படி ஏறினேன். வீட்டைவிட்டு வந்த பிறகு அதுதான் முதல்முறை.

"கேஸ் முடிஞ்சுபோச்சுண்ணே. உன்னை யாரும் ஒண்ணும் செய்யமாட்டாங்க. அந்தப் பிள்ளைகிட்ட மட்டும் சொல்லிரு. அவ அம்மா கையால தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டேங்கா."

"ஞாயித்துக்கிழமை வாரேன்," என்றான். அன்று வீடு திரும்பும்போது அவன்மேல் இருந்த கோபத்தில் பாதி இறங்கியிருந்தது.

சொன்னபடி வந்தான், ஆராதனை முடிந்து, வெள்ளைச் சட்டையோடு. மகள் நாற்காலியில் இருந்தாள். என் சிநேகிதி கதவோரம் நின்றாள். "மாமா, எங்கப்பா வண்டியில உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?" என்று மகளே கேட்டாள்.

அண்ணன் தரையைப் பார்த்தான். "அவருக்கு நினைவே இல்லம்மா," என்றான்.

கோர்ட்டில் சொன்ன அதே வார்த்தை. என் சிநேகிதி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் அவன் பின்னாலேயே தெருவுக்கு ஓடினேன்.

"எதுக்கு வந்தே? இதைச் சொல்லவா வந்தே?"

"சொல்லணும்னுதான் வந்தேன்ட்டி," என்றான், என் முகத்தைப் பார்க்காமல். "அவரு சொன்னதைக் கேட்டேன். இல்லேங்கலை. ஆனா இப்பச் சொன்னா அன்னைக்குப் பொய்ச்சத்தியம் பண்ணவன்னு ஆயிருவேன்ல. அந்தப் பிள்ளை நாலு பேருகிட்டச் சொல்லும். நான் சபையில எப்படி நிக்க?"

முதல்தடவை அவன் பயந்துபோய்ச் செய்தான் என்று என்னால் எண்ணிப்பார்க்க முடிந்தது. பிள்ளைகள், பிழைப்பு, அம்மா சொன்னதெல்லாம். இரண்டாம்தடவை அவனை யாரும் மிரட்டவில்லை.

உள்ளே வந்தேன். மகள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். "சித்தி, அந்த மாமா ஒருதரம்கூட என் முகத்தைப் பார்க்கலையே, ஏன்?" என்றாள். தெருவில் அவன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். "இதை நான் எப்படி நம்ப?" என்று கேட்டாள். என் சொல்லுக்குக் கோர்ட்டிலும் மதிப்பில்லை, அந்த அறையிலும் இல்லை.

இருந்தாலும் அவள் வருவதை நிறுத்தவில்லை. என் சிநேகிதி மறுபடி பேண்டேஜ் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள், என் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறாள். மகள் லீவு நாட்களில் வந்தால் தானே உலை வைத்து, தானே குழம்பு கூட்டி, இரண்டு பேருக்குமாகச் சமைக்கிறாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக் கொடுப்பாள். அதை மட்டும் வாங்கிக்கொள்கிறாள்.

என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாதபோது, அண்ணன் வண்டி வாசலில் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய்வருகிறேன். மன்னிச்சு விட்டிரும்மா என்று சபையார் என்னிடம் வந்து சொல்கிறார்கள். அவனிடம் போய் எதையாவது சொன்னார்களா என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள்.

என் கதை தெரிந்து இப்போது வேறு சிலரும் என்னைத் தேடி வருகிறார்கள், கோர்ட்டுக்குத் துணைக்கு வரச் சொல்லி. நாளைக்குத் தேவதானத்து அம்மா ஒருவரோடு ஸ்ரீவில்லிபுத்தூர் போக வேண்டும். அவர் மகன்மேல் செய்யாத திருட்டுக்கு வழக்கு. சம்பவத்தன்று மகன் தன்னோடுதான் இருந்தான் என்று சொல்ல ஒரு சொந்தக்காரர் இருக்கிறாராம். "எங்க மச்சினன்தான், கட்டாயம் வந்து சொல்லிருவாரு," என்று அந்த அம்மா இன்று இரண்டுமுறை போனில் சொன்னார். சரிம்மா என்றேன். காலை பஸ் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.