பலாமுள் ஸ்டிக்கர்

மந்தாரக்குப்பத்தில் பைக்குகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் கடை ஒன்று இருக்கிறது. நம்பர் பிளேட் எழுத்து, பெட்ரோல் டேங்க்கில் ஒட்டும் புலிமுகம், ஆட்டோவின் முதுகுக்கு ‘அம்மாவின் ஆசி’ ஆகியவற்றை வெட்டித் தரும் கடை அது. என் மகள் கொடுத்த பென்டிரைவைச் செருகிப் படத்தைத் திறந்த கடைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“இன்னாம்மா இது, பலாப்பழமா?”

“பலாப்பழத் தோலுண்ணா. வி.ஆர். ஹெட்செட் மேல ஒட்டறதுக்கு. கேம் விளையாட கண்ண மூடித் தலையில மாட்டிக்கிறது” என்றாள் மகள்.

“தலையில பலாப்பழத்த மாட்டிக்கினு இருக்கப் போறியா? பண்ருட்டிப் பக்கம் போய்டாத பாப்பா. லாரில தூக்கிப் போட்டுக்கினு போய்டுவானுங்க.”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பத்தாம் வகுப்புக்குப் போனதிலிருந்து அவள் என் முன்னால் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்புக்காகவே அவர் கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தேன்.

ஹெட்செட் என் தம்பியுடையது. வெளிநாட்டிலிருந்து வந்தபோது, தான் பயன்படுத்திச் சலித்துப் போனதை மருமகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனான். வெள்ளை பிளாஸ்டிக், வியர்வை பட்டு ஓரங்களில் மஞ்சளாகியிருந்தது. நிலக்கரிச் சுரங்கம் இருக்கும் எங்கள் ஊரில் வெள்ளையாக எதை வைத்தாலும் ஒரு வாரத்தில் கரித்தூள் படிந்துவிடும். அதன் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்று அவள் சொன்னபோது, கடையில் விற்கும் பூப்போட்ட ஒன்றை வாங்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அளவெடுக்கத் தொடங்கினாள். ஹெட்செட்டின் முகப்பில் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து வடிவம் எடுத்தாள். அதைச் சார்ட் அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்து, சரிவரவில்லையென்றால் மறுபடி வெட்டினாள். ஆறு முறை. சாலையோரக் கடையில் ஒரு பழத்தை நான்கு பக்கமும் படமெடுத்து, முட்கள் வளைவுகளில் உடையாமல் தொடரும்படி கணினியில் இணைத்தாள். இத்தனை பொறுமை இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று நினைத்துக்கொண்டேன். நிச்சயமாக என்னிடமிருந்து இல்லை. கேஸ் மூடியிருக்கிறதா என்று மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் நான் வேலைக்குக் கிளம்புவேன். பாதி வழியில் அந்தப் பயம் மறுபடியும் வரும்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒட்டினோம். அவள் ஸ்பிரிட்டால் துடைத்தாள். சோப்புத் தண்ணீரை லேசாகத் தெளித்து ஸ்டிக்கரை வைத்து, காலாவதியான ஏ.டி.எம். அட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றுக் குமிழிகளைத் தள்ளினாள். வளைவு வரும் இடத்தில் நான் ஹேர் டிரையரால் சூடு காட்ட வேண்டும்.

“கிட்ட கொண்டு வராதம்மா. சுருங்கிடும்.”

“சரிடி.”

“கிட்ட வராதன்னு சொன்னா கை இன்னும் கிட்ட வருது பாரு. உனக்கு பயம்னா கை முன்னாடி போகும்.”

முகப்பில் மூலைக்கொன்றாக நான்கு சிறிய கறுப்புக் கேமராக்கள் இருந்தன. அவற்றுக்காக ஸ்டிக்கரில் நான்கு வட்டத் துளைகளை அளவு பார்த்து விட்டிருந்தாள். வெட்டிய வட்டங்களில் இரண்டு ஸ்டிக்கரோடு வந்து கசங்கிப் போயின. மற்ற இரண்டும் ஸ்டிக்கரின் பின்னால் இருந்த அடித்தாளிலேயே நின்றன. நான் எதையும் எறியாதவள். அந்தத் தாளை மடித்து அலமாரியில் வைத்தேன்.

“இந்த கேமரா நம்மள படம் எடுக்குமா?” என்று அப்போதே கேட்டேன்.

“அது நம்மளப் பாக்கறதுக்கு இல்லம்மா. சுவரு எங்க இருக்கு, தரை எங்க இருக்குன்னு பாக்கறதுக்கு.”

“பாக்குது இல்ல?”

“ஐயோ அம்மா.”

நான் வேலை செய்வது நிலக்கரி மாதிரிகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில். எத்தனை ஈரம், எத்தனை சாம்பல் என்று பார்த்து எழுதும் வேலை. தினமும் காலையில் நுழைவாயிலில் காவலர் என் போனை வாங்கி, அதன் கேமரா மேல் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டித் தருவார். சாயங்காலம் வெளியே வந்து நகத்தால் பிய்த்துப் போடுவேன். இத்தனை வருடங்களில் அது பல் துலக்குவது போல ஆகிவிட்டது. மூடிய கேமரா ஆபத்தில்லாதது என்பது எனக்கு யாரும் விளக்க வேண்டியிராத விஷயம்.

ஸ்டிக்கர் ஒட்டிய அடுத்த வாரம், ஆய்வகத்தில் உடன் வேலை செய்யும் பெண் ஒருத்தி ஏதோ ஊரில் ஒரு பெண்ணின் வீட்டுக்குள்ளேயே எடுக்கப்பட்ட வீடியோ எல்லோர் போனிலும் சுற்றியதைச் சொன்னாள். எடுத்தது யாரென்றே தெரியவில்லையாம். அன்று ஒவ்வொரு சோதனைத் தட்டையும் இரண்டு முறை நிறுத்தேன். என் மகள் அரைக்கால் சட்டையோடு ஹாலில் குதித்து விளையாடுவது கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது. அவளிடம் இன்னொரு முறை கேட்டிருக்கலாம். கேட்டால் மறுபடி ‘ஐயோ அம்மா’ என்பாள்.

மறுநாள் எனக்கு விடுப்பு. அவள் பள்ளிக்குப் போன பிறகு அடித்தாளை எடுத்தேன். இருந்தவை இரண்டே வட்டங்கள். கீழ் மூலைகளில் இருந்த இரண்டு கேமராக்களும் உடம்பைப் பார்ப்பவையாக எனக்குத் தோன்றின. அவற்றின் மேல் ஒட்டினேன். முள்ளுக்கு முள் சேரும்படி திருப்பித் திருப்பி வைத்து அழுத்தினேன். கையை எடுத்துப் பார்த்தபோது ஒட்டியதே தெரியவில்லை. மனசு கொஞ்சம் அடங்கியது.

எங்கள் குவார்ட்டர்ஸ் தரைத்தளம். ஹாலுக்குப் பக்கவாட்டில் ஒரு கதவு. அதைத் தாண்டி மூன்று படிகள், கீழே துவைக்கிற கல். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு விளையாடுகிறவர்கள் முதலில் தங்களைச் சுற்றி ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். கோட்டை நெருங்கினால் அது கண்முன் வேலி போலத் தெரியும். மகள் அந்தக் கோட்டை முன்பே ஹாலில் விரித்த பாய்க்குள் அடங்கும்படி போட்டு வைத்திருந்தாள். கருவி அதை நினைவில் வைத்திருக்கும். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அந்தக் கேமராக்களால் அறையைப் பார்த்துப் பார்த்துத்தான் அது கோட்டை இருந்த இடத்தில் நிறுத்தி வைக்கிறது என்பதும் பிறகுதான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் கணவர் முதல் ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருந்தார். நான் அடுப்படியில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தேன். காற்றுக்காகப் பக்கவாட்டுக் கதவு திறந்திருந்தது. ஹாலில் அவள் கால் தரையில் தேயும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது. பிறகு ஒரு சத்தம்.

ஓடிப் போய்ப் பார்த்தபோது அவள் படிக்குக் கீழே துவைக்கிற கல்லின் மேல் குப்புறக் கிடந்தாள். ஹெட்செட் கழன்று தள்ளி விழுந்திருந்தது. கல்லின் முனை இடது கண்ணில் பட்டிருந்தது. கையை அந்தக் கண் மேல் வைத்துக்கொண்டு, “கோடு இருந்துச்சும்மா, கோடு இருந்துச்சும்மா” என்றாள்.

பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்தார். கணவர் அவளைத் தூக்கிக்கொண்டு ஏறினார். “நீ வீட்டைப் பூட்டிட்டு, அவ ஆதார் கார்டை எடுத்துக்கிட்டு ஆட்டோவுல வா” என்றார்.

கார் போன பிறகு நான் முதலில் செய்தது வீட்டைப் பூட்டுவதோ கார்டைத் தேடுவதோ அல்ல. ஹெட்செட்டைக் கையில் எடுத்தேன். சுவரையும் தரையையும் பார்க்கத்தான் கேமரா என்று அவள் சொன்னது அப்போதுதான் உறைத்தது. கீழ் மூலையிலிருந்த இரண்டு வட்டங்களையும் நகத்தால் பிய்த்தேன். உருட்டி, குளியலறைத் தண்ணீர் போகும் துளையில் போட்டு, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. என் மகள் கண்ணிலிருந்து என்ன வழிந்துகொண்டிருக்கிறது என்று தெரியாத ஒரு நிமிடம்.

ஆஸ்பத்திரியில், கண்ணுக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது என்றார்கள். தலையை உயர்த்தி வைத்து அசையாமல் படுக்க வேண்டும், கரைந்த பிறகுதான் பார்வை எப்படி என்று சொல்ல முடியும் என்றார்கள். பாண்டிச்சேரியில் ஒரு கண் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். படுக்கையில் கிடந்தவளிடம் கணவர் விசாரணையைத் தொடங்கினார். பயம் அவருக்குக் கோபமாகத்தான் வரும்.

“கோடு போட்டியா, இல்லையா?”

“போட்டேன்பா. இருந்துச்சு. ஆனா வேற எடத்துல இருந்துச்சு.”

“ஓஹோ. கோட்டுக்குக் கால் மொளச்சி நடந்து போச்சாக்கும்.”

“நெசமாப்பா.”

“அடிபட்டுக் கெடக்கறப்பவாவது பொய் சொல்லாத.”

நான் மாத்திரை அட்டையைப் பிரித்துக்கொண்டு நின்றேன். அப்போது சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள், ஒரு நாள் சொல்லாமல் இருந்ததற்கும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அப்படியே நாட்கள் கூடின. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் கணவர், கோடு போடாமல் விளையாடிவிட்டாள் என்றே சொன்னார். முதல் வாரம் அவள் ஒவ்வொருவரிடமும் மறுத்தாள். இரண்டாவது வாரம் மறுக்கவில்லை. ஒரு மதியம், நான் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது, “ஒருவேளை நான் போடலையோம்மா? போட்ட மாதிரி நானா நெனச்சுக்கிட்டேனோ?” என்றாள்.

நான் இன்னொரு கவளம் உருட்டினேன்.

அதன் பிறகு அவளுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் வந்தது. மாத்திரை போட்டேனா, பல் துலக்கினேனா, தோழி போன் செய்தாளா இல்லையா என்று என்னிடம் கேட்பாள். கணக்கு நோட்டில் சரியாக எழுதிய விடையை அடித்துவிட்டுத் தவறாக எழுதினாள். பூட்டிய கதவைப் போய் இழுத்துப் பார்த்தாள். என் வியாதியை நான் அவளுக்குக் கையால் ஒட்டிவிட்டிருந்தேன்.

பாண்டிச்சேரிக்கு இரண்டாம் முறை போனபோது கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நாங்கள் இருவரும் பஸ்ஸில் போனோம். முதல் முறை போனபோது எழுத்துகளைக் காட்டிக் கேட்டதற்கு அவள் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து, தெரிகிறது என்று சொல்லியிருந்தாள். இந்த முறை பரிசோதிக்கும் பெண் கண்ணாடிச் சட்டத்தில் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டாள்.

“இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?”

“ரெண்டும் ஒண்ணு மாதிரி இருக்கு.”

“நல்லாப் பாரும்மா. இதுவா… இதுவா?”

“தெரியல. மொதல்ல போட்டதோ? இல்ல…” மகள் அந்தச் சட்டத்தோடு என் பக்கம் திரும்பினாள். “நீ சொல்லும்மா.”

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். “உன் கண்ணுக்கு அம்மா எப்பிடி சொல்லுவாங்க? கொஞ்ச நேரம் வெளிய ஒக்காந்துட்டு வா, போ.”

வெளியே வரிசையாக நாற்காலிகள். சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த பெரியவர்களுக்கு நடுவே இரண்டு இடம் கிடைத்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். வட்டங்களை ஒட்டியதை, எதற்கு ஒட்டினேன் என்பதை, பிய்த்ததை, தண்ணீர் ஊற்றியதை.

“எத்தன ஒட்டுன?”

“ரெண்டு. கீழ ரெண்டும்.”

“அப்ப நான் விட்ட ஓட்டை சரியாத்தான் இருந்துச்சு.”

“சரியாத்தான் இருந்துச்சு.”

“கோடு நான் போட்டேன்.”

“நீ போட்டடி. நகந்துதான் போச்சு.”

அவள் அழுவாள் என்று நினைத்தேன். திட்டினால்கூட நன்றாக இருந்திருக்கும். முகத்தில் ஒன்றுமே இல்லாமல் எழுந்தாள். நானும் எழுந்தேன். “நீ வராத” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கதவு முழுதாகச் சாத்தவில்லை. அவள் குரல் எனக்குக் கேட்டது. “அக்கா, முன்னாடி தப்பாச் சொல்லிட்டேன். மறுபடி வைங்க.” பிறகு கேள்வியும் பதிலும். இது இல்லை, அதுதான். ஒவ்வொன்றுக்கும் உடனே பதில் சொன்னாள். வலது கண் முடிந்து இடது கண்ணுக்கு வந்தார்கள். “மூணாவது வரிசைக்குக் கீழ தெரியல. இதுவும் தெரியல. மேல இருக்கறதுலயே நடு எழுத்து இல்ல, ஓரம் மட்டும் இருக்கு. இல்லக்கா, நிச்சயமாத் தெரியல. போன தடவையும் தெரியல.”

அந்தப் பெண் எழுந்து டாக்டரைக் கூப்பிடப் போனாள். விழித்திரையின் நடுவில் தழும்பு விழுந்திருப்பதாகவும், அந்தப் பார்வை முழுதாகத் திரும்பாது என்றும் டாக்டர் சொன்னார். சொன்னது அவளிடம்தான். நான் பின்னால் நின்றிருந்தேன். “சரிங்க டாக்டர்” என்றாள்.

பஸ்ஸில் வரும்போது என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். “அப்பாகிட்ட நீதான் சொல்லணும்.”

வீட்டுக்கு வந்ததும் அவள் தன் அறைக்குள் போய்விட்டாள். கணவர் ரிப்போர்ட்டைக் கேட்டுக் கை நீட்டினார். அதைக் கொடுக்காமல் வட்டங்களை ஒட்டியதைச் சொன்னேன். அவர் கத்துவார் என்று இத்தனை நாள் பயந்திருந்தேன். அவர் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றத் தொடங்கி, ஒரு காலோடு நிறுத்திவிட்டார்.

“பொய் சொல்லாதன்னு சொன்னேனே அவள” என்றார்.

பிறகு ரிப்போர்ட்டையும் கொடுத்தேன். படித்தார். மடித்தார். எழுந்து அவள் அறைக் கதவு வரை போய், தட்டுவதற்குக் கையை உயர்த்தி அப்படியே நின்றார். “என்னன்னு சொல்லி உள்ள போவேன்?” என்று என்னைக் கேட்டார்.

பிறகு அவரே தட்டினார். கதவு திறந்தது. அவர் உள்ளே போனார். இருவரும் தணிந்த குரலில் என்னவோ பேசினார்கள். நான் ஹாலிலேயே உட்கார்ந்திருந்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை.