பேச்சியக்காவின் முட்டி

பேச்சியம்மாள் டீச்சர் இறந்த செய்தி எனக்கு மருந்துக்கடைத் தொலைபேசியில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருமுனையில் இருக்கும் கடை அது. ராஜபாளையத்திலிருந்து அவருடைய மதினி செல்வி பேசினார். "டீச்சர், பேச்சி போயிட்டா. காப்பியக் குடிச்சிட்டு டம்ளரக் கீழ வச்சா. அப்படியே சாஞ்சிட்டா" என்றார். நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். யாரைத் திட்டினேன் என்று கேட்டால் தெரியாது. மருந்து வாங்க வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள்.

அடுத்த வாரம் நம் பள்ளிக்கூட மண்டபத்தில் இரங்கல் கூட்டம். உங்களில் பலரும் வந்திருந்தீர்கள். மேடையில் நாற்காலி போட்டு ஒரு படத்தை வைத்து மாலை போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் வேறு யாருக்கோ கூட்டம் நடக்கிறது என்று நினைத்து நான் வெளியே போகத் திரும்பினேன். ஏதோ ஓர் ஆண்டு விழாவில் எடுத்த குழுப் படத்திலிருந்து அவர் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, ஸ்டுடியோவில் டச்சப் செய்திருக்கிறார்கள். வெயிலில் கறுத்த முகம் மாவு பூசியதுபோல் வெளுத்திருந்தது. கழுத்தில் எப்போதும் தொங்கும் விசிலை அழித்துவிட்டு, அந்தக் கயிற்றுக்குப் பதிலாகத் தங்கச் சங்கிலி வரைந்திருந்தார்கள். டிரில் டீச்சரின் விசிலை அழிக்க எந்தக் கைக்கு மனசு வந்தது என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். "இப்பத்தான் லட்சணமா இருக்கு" என்றார்.

தாளாளர் பேசினார். கூடப் பிறக்காத தங்கை என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் முடிந்ததும் தலைமையாசிரியை என்னிடம் வந்து, நினைவு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரச் சொன்னார். "நீங்கதான் டீச்சர் அவிய கூட ரொம்பப் பழகுனவுக. ஆனா கோவமா எதுவும் எழுதிராதீக" என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டியது எழுதுவதற்கு மட்டும்தான்.

இளம் ஆசிரியைகளுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். எண்பதுகளின் நடுவில் நம் மைதானத்தின் ஓரத்தில், ஓட்டப் பாதையை ஒட்டி, ஒரு குவியல் ஜல்லி கிடந்தது. தாளாளருக்குப் புது அறை கட்டக் கொட்டியது. அதை அள்ளச் சொல்லி பேச்சியக்கா வாரா வாரம் கேட்டுக்கொண்டிருந்தார். அள்ளுகிறோம் என்று வாரா வாரம் சொன்னார்கள். ஒரு நாள் ஓட்டப் பந்தயப் பயிற்சியில் ஒரு பிள்ளை தடம் மாறி நேராக ஜல்லியை நோக்கி ஓடிற்று. பேச்சியக்கா குறுக்கே பாய்ந்து பிள்ளையைத் தள்ளிவிட்டார். பிள்ளை மண்ணில் விழுந்து எழுந்து அழுதது. இவர் ஜல்லியில் விழுந்தார். எழவில்லை. வலது முட்டி கிழிந்து, உள்ளே ஜவ்வும் கிழிந்து, மதுரையில் ஆபரேஷன் செய்து, தொடையிலிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டுப் போட்டு ராஜபாளையம் வீட்டுக்கு அனுப்பினார்கள். பள்ளியில் என்ன பேசினார்கள் தெரியுமா? இந்த வயதில் பிள்ளைகளோடு சேர்ந்து ஓடினால் இப்படித்தான் ஆகும் என்றார்கள். ஜல்லி அதற்குப் பிறகும் அங்கேயே கிடந்தது.

அந்தச் சமயத்தில்தான் பட்டாளத்திலிருந்த அவர் அண்ணன் விடுமுறையில் வந்தவர், தன் கேமராவைத் தங்கையின் கட்டிலில் வைத்துவிட்டுப் போனார். பொழுது போகட்டும் என்று. பேச்சியக்காவுக்கு அதற்கு முன் கேமராவைப் பற்றி ஒன்றும் தெரியாது. முதல் பிலிம் ரோலைக் கழுவிக் கொடுத்த ஸ்டுடியோக்காரர், "எல்லாமே இருட்டா இருக்கே டீச்சர், அடுப்படிக்குள்ள எடுத்தீகளா?" என்று கேட்டாராம். இரண்டாவது ரோலில் ஜன்னலைக் கண்டுபிடித்துவிட்டார். காலை வெயில் ஜன்னல் கம்பி வழியாகச் சுவரில் விழுந்து, மத்தியானத்துக்குள் தரையில் இறங்கிவிடும். அது போகும் வழியில் எது அகப்பட்டாலும் எடுப்பார். தண்ணீர்ச் செம்பு, மதினி புடைக்கும் சுளகு, அவருடைய மாவுக்கட்டு. "ஏட்டி கணக்கு," என்பார் என்னிடம். நான் கணக்கு டீச்சர். "மைதானத்துல கெடந்தவளுக்கு இந்த ரூமு செயிலுன்னு நெனச்சேன். இதுக்குள்ள எம்புட்டு இருக்குன்னு இப்பத்தான் பாக்கேன்." சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போய் நான் பார்த்தது ஒரு நோயாளியை அல்ல. அத்தனை சந்தோஷமாக அவரை மைதானத்தில்கூடப் பார்த்ததில்லை.

நோயாளியைப் பார்க்க வருபவர்கள் நம் ஊரில் எப்படி வருவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு ரொட்டிப் பாக்கெட், நாலு சாத்துக்குடி, கூடவே ஒரு பயங்கரக் கதை. "எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான், சின்ன அடிதான், கடைசியில கால எடுத்துட்டாக" என்று ஆரம்பிப்பார்கள். அந்த நேரம் பார்த்து பேச்சியக்கா கேமராவைத் தூக்குவார். கட்டிலில் சாய்ந்தபடி கீழிருந்து எடுப்பதால் எல்லோர் படத்திலும் மூக்குத் துவாரமும் நீட்டிய ஆள்காட்டி விரலும் பெரிதாக இருக்கும். நாங்கள் இருவரும் அந்தப் படங்களைப் பரப்பிவைத்து, வயிறு வலிக்கச் சிரிப்போம். விஷயம் தெரிந்ததும் தெருக்காரர்கள் பவுடர் போட்டுக்கொண்டு வரத் தொடங்கினார்கள். கதையை விட்டுவிட்டார்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "எடுங்க டீச்சர்" என்றார்கள். கால் எப்படி இருக்கிறது என்று கேட்க மறந்துபோனவர்கள் உண்டு. அவர் ஒருவரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒவ்வொருவரையும் ஜன்னல் பக்கம் திருப்பி உட்காரவைத்து, பேச்சுக் கொடுத்து, முகம் இளகிய பிறகே எடுத்தார்.

அப்புறம் இரண்டு சாவு விழுந்தது. எதிர்வீட்டு உரக்கடைப் பெரியவர் வெகுநாளாக நெஞ்சுநோய்க்காரர். இன்னொருவர் வன்னியம்பட்டியிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போன அத்தை. இருவருக்கும் வயது ஆகியிருந்தது. இருவர் வீட்டிலும் பேச்சியக்கா எடுத்ததைத் தவிர வேறு படம் இல்லை. அதைப் பெரிதாக்கி மாலை போட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் தெரு வேறு கணக்குப் போட்டது. டீச்சர் படம் பிடித்தால் மாலை விழும் என்றார்கள். கல்யாணம் ஆகாதவள், கால் முடங்கியவள், அவள் கண் அந்த டப்பா வழியாக வருகிறது என்றார்கள். ஜன்னலைக் கடக்கும்போது பிள்ளைகளின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு போன பெண்களை நானே பார்த்தேன். இதை முதலில் பேசியது யார் என்றும் எனக்குத் தெரியும். பெயர் எழுதினால் தலைமையாசிரியை மலரை அச்சுக்கே அனுப்பமாட்டார்.

அந்தப் பெண்மணியே ஒரு நாள் வந்து நின்றார். நான் அப்போது அங்கே இருந்தேன். அவர் வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இந்தம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். "அவியள நீங்க ஒரு படம் எடுத்தீகள்ல டீச்சர், அந்த பிலிமு இருக்கா? ஒருவேளை ஏதும் ஆயிருச்சுன்னா மாட்ட ஆகும்." எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்துவிட்டேன். பேச்சியக்கா கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். "அவரு உசுரோடதான இருக்காரு?" என்று கேட்டார். ஆமாம் என்றார் அந்தம்மா. "உசுரோட இருக்கவருக்கு மாலை போட நான் படம் தரமாட்டேன். வீட்டுக்கு வந்ததும் கூட்டிட்டு வாங்க. புதுசா எடுப்போம்." அந்த மனிதர் பிழைத்து வீட்டுக்கு வந்தார். படம் எடுத்துக்கொள்ள வரவில்லை. பிழைத்ததற்கு ஒரு நல்ல வார்த்தையும் அந்த வீட்டிலிருந்து வரவில்லை.

மாவுக்கட்டைப் பிரித்தபோது கால் குச்சியாக இருந்தது. முட்டி மடங்க மறுத்தது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கணுக்காலில் மண் மூட்டை கட்டித் தூக்கித் தூக்கி இறக்கச் சொன்னார் டாக்டர். "நம்ம நீளந்தாண்டுத குழியில இருந்து மண்ணு கொண்டா" என்று என்னிடம் சொன்னார். பையில் அள்ளிக்கொண்டு பஸ்ஸில் போனேன். பேண்டேஜ் துணியில் மூட்டையாகத் தைத்துக் கொடுத்தார் மதினி. ஒவ்வொரு முறை தூக்கும்போதும் அவர் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக வரும். போதும் என்றால் கேட்கமாட்டார். "வலி அது பாட்டுக்கு இருக்கும்டி. நாம நம்ம பாட்டுக்கு மடக்குவோம்" என்பார்.

பள்ளி திறக்கும் நாள் நெருங்கியபோது தாளாளர் குமாஸ்தாவை அனுப்பினார். குமாஸ்தா பாவம், வாசலிலேயே நின்று சொன்னார். டீச்சர் அலுவலகத்துக்கு வந்து, தாளாளர் முன்னால் முழங்காலை மடக்கிக் குந்தி உட்கார்ந்து எழுந்து காட்ட வேண்டும். முடிந்தால் மைதானம். முடியாவிட்டால் கைவேலை வகுப்பு. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஊருக்குள்ள போட்டோ விஷயமா ஒரு பேச்சு இருக்காம் டீச்சர். பிள்ளைகளப் பெத்தவுக யோசிக்காகளாம். ஐயா அதையும் சொல்லச் சொன்னாக" என்றார். குமாஸ்தா போன பிறகு பேச்சியக்கா சொன்னார். "சந்தையில மாட்டுக்குப் பல்லப் புடிச்சுப் பாக்க மாதிரி, அவரு முன்னால நான் உக்காந்து எந்திரிக்கணுமா? மாட்டேன்." மதினி அழுதார். கைவேலை வகுப்புக்கே போய்விடு, நிழலில் இருக்கலாம் என்றார். நிழலில் இருக்கவா இந்த ஜென்மம் என்று கேட்டுவிட்டு மறுபடி மூட்டையைக் கட்டினார். மைதானம் போய்விட்டால் அவருக்கு வேறு ஒன்றும் இல்லை. அது எனக்குத் தெரியும், மதினிக்கும் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது அண்ணனின் காக்கி பேண்ட்டைப் போட்டு, முட்டிக்கு மேல் சுருட்டிவிட்டு நின்றார். அவரைச் சேலை இல்லாமல் நான் பார்த்தது அன்றுதான். கேமராவில் எல்லாவற்றையும் தானே சரிசெய்து, ஸ்டூலின்மேல் ஜன்னல் ஓரமாக வைத்து, என்னைப் பின்னால் உட்காரச் சொன்னார். "நான் சொன்னதும் அமுக்கு. அதத் தவிர ஒண்ணையும் தொடாத." எட்டிப் பார்த்தேன். தொடைக்கு மேலே தெரியவில்லை. "உக்காந்தாலும் முகம் விழாதே அக்கா" என்றேன். "வேண்டாம். முகத்தக் குடுத்தா கெஞ்சுத மாதிரி ஆயிரும்." சுவரைப் பிடிக்காமல் மெல்ல இறங்கினார். பாதி வழியில் பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. குதிகால் இரண்டும் தரையில் அழுந்த, முழுசாகக் குந்தி உட்கார்ந்தார். "ம்" என்றார். அமுக்கினேன். நான் அழுதுகொண்டிருந்தேன். "கையி ஆடுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

பள்ளி திறந்த அன்று, வெள்ளைச் சேலையில் லேசாகத் தாங்கித் தாங்கி நடந்து அலுவலகத்துக்குள் போனார். கையெழுத்துப் போட நாங்கள் எல்லோரும் அங்கே இருந்தோம். படத்தைத் தாளாளர் மேசையில் வைத்தார். அவர் எடுத்துப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார்.

"என்னம்மா இது, தலையக் காணோம்?"

"நீங்க கேட்டது முட்டிதான சார்."

"இது யாரு முட்டின்னு நான் எப்படி நம்புறது?"

"காயத்தப் பாருங்க சார். ஜல்லியக் கொட்டுனவுகளுக்குத் தெரியாதா?"

தாளாளர் படத்தை மேசையில் கவிழ்த்து வைத்தார். பேச்சியக்கா வெளியே வந்து, மைதானத்தின் நடுவில் நின்று விசிலை ஊதினார். நீளமாக, மூச்சு தீரும்வரை. அந்த வாரமே ஜல்லியை அள்ளினார்கள். அதன் பிறகு அவர் சாகும்வரை யாரும் கைவேலை வகுப்பைப் பற்றிப் பேசவில்லை. இதைக் கண்ணால் பார்த்தவர்கள் இரங்கல் கூட்டத்தில் முன்வரிசையில் இருந்தீர்கள். தங்கை என்று தாளாளர் சொன்னபோது கை தட்டினீர்கள்.

ராஜபாளையத்தில் அந்தத் தெரு முழுக்க இன்றைக்கும் பேச்சியக்கா எடுத்த படங்கள் மாலையோடு தொங்குகின்றன. கண்ணில் உயிருள்ள படங்கள். அவரைத் தூற்றிய வீடுகளிலும் தொங்குகின்றன. அவர் படம் மட்டும் ஒரு வீட்டிலும் இல்லை, அவர் வீட்டிலும் இல்லை. கேமராவுக்குப் பின்னால் இருந்தவரை முன்னால் உட்காரச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

என்னிடம் இருப்பது அந்த முட்டிப் படத்தின் பிலிமில் போட்ட இன்னொரு பிரிண்ட். இந்தக் கட்டுரையோடு அதைப் போடச் சொல்லிக் கொடுத்தேன். "தலையில்லாத படத்த எப்படி டீச்சர் மலர்ல போடுறது? அதுவும் பேண்ட்டோட" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார் தலைமையாசிரியை. அந்தச் சங்கிலி போட்ட அம்மாளின் படம்தான் இதன் பக்கத்தில் வந்திருக்கும். அது பேச்சியக்கா இல்லை.

முட்டியை நான் கண்ணாடிச் சட்டம் போட்டு என் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். போன வாரம் மதினி வந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்துவிட்டு, "ஒரு மாலையாவது போடக்கூடாதா டீச்சர்?" என்று கேட்டார். போடமாட்டேன் என்றேன். உயிரோடு இருப்பதற்கு மாலை போட அவர் படம் தருவதில்லை.