பஸ் கேட்ட மருத்துவிச்சி

முரசுமோட்டை வாசிகசாலையில் வீதியை அகலமாக்குவது பற்றிக் கூட்டம் நடந்தது. எங்கள் பகுதி மருத்துவிச்சி கதிரையில் உட்காரவில்லை. வாசலில் சைக்கிளுடன் நின்று, பிரேக்கை அழுத்துவதும் விடுவதுமாக இருந்தார். வெயிலில் கறுத்த, மெலிந்த பெண்.

"மரங்களை வெட்டி றோட்டை அகலமாக்கினா ஆர் ஓடப் போறது?" என்று கேட்டார். "ஆசுப்பத்திரிக்கு ஒரு பஸ் விடுங்கோ. போன கிழமையும் ஒரு பிள்ளை ஆசுப்பத்திரிக்குப் போற வழியிலை, உழவு மிசின் இழுத்த பெட்டியிலை, மண்ணெண்ணெய்ப் புகைக்குள்ளைதான் பிறந்தது."

"நாளைக்கு வாகனங்கள் வருமம்மா," என்றார் தலைவர்.

"பிள்ளையள் இண்டைக்கே பிறக்குதுகள்."

ஆனாலும் வீதிக்கே கைகள் உயர்ந்தன. அந்தப் பிள்ளையின் தகப்பனும் கை உயர்த்தினார். கூட்டம் கலைந்ததும் மருத்துவிச்சி நேரே அவரிடம் போனார்.

"பிள்ளை பால் குடிக்கிறாளோ?"

"ஓம்," என்றார் அவர், நிலத்தைப் பார்த்தபடி.

மருத்துவிச்சியின் குரலில் கோபமே இல்லாதது எப்படியென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.